சொன்னால் என்ன இழப்போம்? மனநோயும் அதை மறைக்கும் வீடுகளும்

வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்றால், அக்கம்பக்கத்தில் "நரம்புத் தளர்ச்சி, அதுக்குத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிவைப்பார்கள். மதுரைக்காரர்கள் திருச்சிக்குப் போய் வைத்தியம் பார்ப்பார்கள். திருச்சிக்காரர்கள் சென்னைக்குப் போவார்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்தெடுத்து வேறு டப்பாவில் போட்டுவைப்பார்கள். தங்கையைப் பெண் பார்க்க வருகிற நாளில் அண்ணனைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்படிச் செய்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். நோயின் பெயரும் மாத்திரையின் பெயரும் அது எத்தனை மில்லிகிராம் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். தெரிந்தேதான் மறைக்கிறார்கள்.

மனநோயை ஒட்டிய களங்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் ஊரில் ஒரே விளக்கம்தான் சொல்லப்படுகிறது: மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை. அதனால் ஆண்டுதோறும் அக்டோபர் 10 அன்று பேரணி நடக்கிறது, துண்டறிக்கை கொடுக்கப்படுகிறது. அறியாமைக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளில் உலகெங்கும், குறிப்பாகச் சென்னையில், நடந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. வெளியே சொன்னால் எதை எதை இழப்போம் என்று வீடுகள் கணக்குப் பார்க்கின்றன. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. திருமணம், வாடகை வீடு, வேலை, ஊருக்குள் மரியாதை என்று இழப்புகள் அப்படியே இருக்கும்போது, "வெட்கப்படாமல் வெளியே சொல்லுங்கள்" என்று கேட்பது, இழப்பை நீங்களே தாங்கிக்கொள்ளுங்கள் என்பதற்குச் சமம்.

பிரச்சினையின் அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் அப்போது இருந்தது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் அளவு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரை. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம்; இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆனால் மருத்துவர் இருக்கிற ஊரிலும் வாசல்வரை வந்துவிட்டு, தெரிந்தவர் யாரேனும் நிற்கிறார்களா என்று பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

உள்ளே இறங்கிய களங்கம்

களங்கத்தைச் சமூகவியல் நோக்கில் முதலில் ஆழமாக எழுதியவர் எர்விங் காஃப்மன். 1963இல் வெளிவந்த அவருடைய நூல், ஒரு மனிதரிடம் உள்ள ஏதோ ஓர் அடையாளம் அவருடைய மற்ற எல்லாக் குணங்களையும் மூடிவிடுவதைக் காட்டியது. 2001இல் புரூஸ் லிங்க், ஜோ ஃபெலன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்கு ஒரு முக்கியமான திருத்தம் தந்தார்கள். பெயர் சூட்டுவது, அந்தப் பெயரோடு கெட்ட குணங்களைச் சேர்ப்பது, 'அவர்கள் வேறு, நாம் வேறு' என்று பிரிப்பது, தகுதியைக் குறைப்பது ஆகிய எல்லாம் சேர்ந்ததே களங்கம். இவற்றைச் செய்கிறவரிடம் அதிகாரம் இருந்தால்தான் அது களங்கமாக நிலைக்கும் என்றார்கள். நோயாளி ஒருவர் தன் மேலாளரைப் பற்றி என்ன நினைத்தாலும் மேலாளரின் வேலை போகாது. மேலாளர் நினைத்தால் நோயாளியின் வேலை போய்விடும். களங்கம் வெறும் மனப்பான்மை என்றால் அறிவுரையால் தீர்ந்துவிடும். அதிகாரம் சம்பந்தப்பட்டது என்பதால் சட்டமும் பணமும் நிர்வாகமும் தேவைப்படுகின்றன.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஓர் இந்திய ஆய்வு உண்டு. தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் பகுதி, கோவா, மகாராட்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோய் உள்ள 282 பேரிடம் எடுக்கப்பட்டு 2014இல் வெளியானது. பிறரால் பாரபட்சமாக நடத்தப்பட்ட அனுபவம் உண்டு என்றவர்கள் 42 விழுக்காடு. இது மேலைநாட்டு ஆய்வுகளில் காணப்படும் அளவைவிடக் குறைவு. ஆனால் தன்னைத்தானே ஒதுங்கியவராக, மற்றவர்களோடு சேராதவராக உணர்வதாகச் சொன்னவர்கள் 79 விழுக்காடு. ஊர் ஒதுக்குவதற்கு முன்பே மனிதர் தானாக ஒதுங்கிவிடுகிறார். கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருந்துவிடுகிறார், வேலைக்கு விண்ணப்பம் போடாமல் விட்டுவிடுகிறார், "எனக்கெல்லாம் எதுக்குங்க" என்று மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார். பாரபட்சம் குறைவு என்ற எண்ணிக்கையைப் பார்த்து நம் சமூகம் பரவாயில்லை என்று மகிழ்வதற்கு இடமில்லை. யாருமே வெளியே வராத தெருவில் யாரையும் அடிக்க வேண்டியிருக்காது.

கல்யாணம்

நம் சமூகத்தில் களங்கத்தின் மையம் எது என்று கேட்டால், எந்தத் தயக்கமும் இல்லாமல் திருமணம் என்பேன். சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். தாராவும் சீனிவாசனும் மனச்சிதைவு நோயாளிகளைப் பராமரிக்கும் 159 பேரிடம் நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. அவர்களை மிகவும் வாட்டியவை மூன்று: திருமணம், அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம், வெளியே தெரியாமல் மறைக்க வேண்டிய கட்டாயம். நோயாளி பெண்ணாக இருந்தால், இளவயதினராக இருந்தால் களங்க உணர்வு கூடுதலாக இருந்தது. இந்த மூன்றும் உண்மையில் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். கல்யாணம் நின்றுவிடும் என்பதால் மறைக்க வேண்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தார்தான் சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவர்களிடம் பயம்.

அடுத்து நடப்பதுதான் கொடுமை. "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று பெரியவர்கள் யாராவது சொல்வார்கள். நோயை மறைத்துத் திருமணம் செய்துவைப்பார்கள். புது வீட்டில், புது மனிதர்களுக்கு நடுவில், மாத்திரை சாப்பிட்டால் தெரிந்துவிடும் என்று மாத்திரையை நிறுத்துவார்கள். தூக்கம் கெடும். சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் முழு வேகத்தில் திரும்பும். மறைத்தது வெளிப்பட்டவுடன் நோயை மன்னிக்கத் தயாராக இருந்திருக்கக்கூடிய குடும்பமும் ஏமாற்றத்தை மன்னிக்காது.

சென்னையில் 1981-82இல் முதன்முறையாக மனச்சிதைவு நோய்க்குள்ளான 90 பேரை ஸ்கார்ஃப் குழுவினர் நெடுங்காலம் பின்தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டுகள் கழித்து அவர்களுடைய மண வாழ்க்கையைப் பார்த்தபோது ஆண், பெண் வேறுபாடு துலங்கியது. ஆண்களில் திருமணமாகாமலே நின்றவர்கள் அதிகம். பெண்களில் மணமாகிக் கைவிடப்பட்டவர்கள் அதிகம். கணவனுக்கு நோய் என்றால் மனைவி பொறுத்துக்கொண்டு பராமரிக்க வேண்டும் என்பது எழுதாத விதி. மனைவிக்கு நோய் என்றால் "பொறந்த வீட்டுல கொண்டுபோய் விடு" என்பதுதான் விதி. பிரிந்துவந்த பெண்களைப் பற்றித் தாராவும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செய்தி நெஞ்சை அறுக்கிறது: பல குடும்பங்களுக்கும் அந்தப் பெண்களுக்கும் மனநோய் என்ற இழுக்கைவிட, வாழாவெட்டி என்ற இழுக்கே பெரிதாக வலித்தது. தாலியைக் கழற்றாமல், பராமரிப்புத் தொகையும் கேட்காமல், கணவர் எப்போதாவது வந்து கூட்டிப்போவார் என்று காத்திருக்கிற பெண்களுக்கு மருந்துச்சீட்டு மட்டும் எழுதிக்கொடுத்தால் போதாது. அவர்களுக்கு வழக்கறிஞரும் வருமானமும் வேண்டும்.

சட்டம் இதில் எந்தப் பக்கம்? 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், திருமணத்துக்கும் குழந்தைப்பேற்றுக்கும் தகுதியற்ற அளவுக்கு மனநோய் இருந்தால் திருமணத்தைச் செல்லாததாக்கக் கேட்க வழிசெய்கிறது. சில நிலைமைகளில் விவாகரத்துக்கும் மனநோய் ஒரு காரணம். வலிப்பு நோயும் முன்பு இந்தச் சட்டத்தில் திருமணத் தடையாக இருந்தது. 1999இல் அதை நீக்கினார்கள். மனநோய் அப்படியே நிற்கிறது. 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனச்சிதைவு என்று ஒரு மருத்துவர் பெயர் சூட்டிவிட்டதாலேயே விவாகரத்து கிடைத்துவிடாது, நோயின் தீவிரம் எவ்வளவு, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கா என்பதை நிரூபிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் குடும்ப நீதிமன்றத்தின் வாசலில், மருத்துவரிடம் போன சீட்டு ஒன்று எதிர்த்தரப்பு கையில் கிடைத்தால் என்னாகும் என்ற பயம் இன்றும் பெண்களைச் சிகிச்சைக்கு வரவிடாமல் தடுக்கிறது. "கேஸ்ல போட்டுருவாங்களோ டாக்டர்?" என்ற கேள்வியில் அறியாமை எதுவும் இல்லை.

மறைப்பதன் இன்னொரு முகம் உண்டு. அதைப் பற்றிப் பேசவே பலருக்கும் கூச்சம். மருந்து சாப்பிட மறுக்கிறவருக்குக் காபியிலோ சாம்பாரிலோ கலந்து கொடுப்பது. தாய்மார்கள் இதை அன்பினால்தான் செய்கிறார்கள்; வேறு வழி சொல்லித்தர யாரும் வீட்டுக்கு வராததாலும் செய்கிறார்கள். "இது சத்து மாத்திரைடா" என்று சொல்லிக் கொடுப்பதும் இதே வகைதான். என்றைக்காவது அவருக்குத் தெரியவரும்போது, தன்னைச் சுற்றிச் சதி நடக்கிறது என்ற அவருடைய நோயின் சந்தேகத்துக்கு வீடே சாட்சி சொன்னதாகிவிடும். அதற்குப் பிறகு சோற்றையும் நம்பமாட்டார், அம்மாவையும் நம்பமாட்டார்.

சங்கிலியும் சன்னதியும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் உள்ளே இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதே மாதத்தில் ஏர்வாடியில் இருந்த இதுபோன்ற காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள்.

அந்த நாட்களில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி மூடநம்பிக்கையின் மேல் பழிபோட்டது. ஏர்வாடி தர்காவுக்கு மதவேறுபாடு இல்லாமல் மக்கள் மனநோயாளிகளைக் கூட்டிவருவது நெடுங்கால வழக்கம். ஆனால் இறந்தவர்களைக் கட்டிப்போட்டது நம்பிக்கை அல்ல. தர்காவைச் சுற்றி முளைத்த காப்பகங்கள் மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு, ஆளைப் பார்த்துக்கொள்ள ஆள் போடாமல், சங்கிலியைப் போட்டன. வீடுகளும் அதை ஏற்றுக்கொண்டன, ஏனென்றால் ஏர்வாடி தூரத்தில் இருந்தது. ஊரில் யாரும் கேட்டால் "தர்காவுல தங்கியிருக்கான்" என்று சொல்லிக்கொள்ளலாம். மறைப்பதற்கு இடம் வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்கு ஒரு வியாபாரம் உருவானது. 28 பேரின் சாவை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

வழிபாட்டிடம் வேறு, அதைச் சுற்றிய வியாபாரம் வேறு என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் ரகுராமும் உடன் ஆய்வாளர்களும், தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 31 பேர், சில வாரங்கள் தங்கினார்கள். சிறப்புச் சடங்கு எதுவும் இல்லை. காலை பூசையில் கலந்துகொள்வது, கோயில் வேலைகளில் கைகொடுப்பது, அவ்வளவுதான். மருத்துவ அளவுகோலில் அவர்களுடைய நோய்க்குறிகள் கிட்டத்தட்ட 20 விழுக்காடு குறைந்திருந்தன. கோயிலில் தங்கினால் மருந்து வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது; ஆய்வு சிறியது, ஒப்பிடுவதற்கு வேறொரு குழுவும் இல்லை. ஆனால் யாரும் முகம் சுளிக்காத இடத்தில், கூட ஓர் உறவினரோடு, செய்வதற்கு ஒரு வேலையோடு இருந்தாலே மனிதர் எவ்வளவு தேறுகிறார் என்பதை அது காட்டுகிறது. திருச்சிக்கு அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைக்கும் வழக்கத்தோடு இன்று உரிமம் பெற்ற மனநல மையமும் மருத்துவரும் சேர்ந்திருக்கிறார்கள். ஏர்வாடியிலும் மருந்தும் துவா எனும் பிரார்த்தனையும் ஒன்றாகக் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. சன்னதிக்கு வருவதில் யாருக்கும் இழுக்கு இல்லை என்பதால் மருந்தை அங்கே கொண்டுபோவது நல்ல யோசனைதான்.

மருத்துவமனைக்குள்ளும்

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று ஆங்கிலேயர் காலத்தில், 1794இல், வாலன்டைன் கோனலி என்ற அறுவை மருத்துவரின் பொறுப்பில் ஒரு விடுதி தொடங்கியது. இன்றைய கீழ்ப்பாக்கம் வளாகம் 1871இல் திறக்கப்பட்டது. ஊருக்கு வெளியே, உயர்ந்த மதிலுக்குள், உள்ளே போனால் திரும்பாத இடமாகத்தான் அது பல தலைமுறைகளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தப் பகுதியின் பெயரே தமிழில் ஒரு வசையாகிப் போனது. இலங்கையில் மனநல மருத்துவமனை இருக்கும் அங்கொடைக்கும் அதே கதி. மதிலை உயர்த்தியவர்கள் நோயாளிகளைப் பாதுகாக்க நினைத்திருக்கலாம். மதிலைப் பார்த்த ஊர், உள்ளே இருப்பவர்கள் ஆபத்தானவர்கள் என்று முடிவுகட்டியது.

இந்த மதிலைத் தாழ்த்துவதில் தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்த்தவர் மருத்துவர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுகிறவர். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை தலைமையேற்று நடத்தியவர். மருந்து கொடுத்து அனுப்புவதோடு முடிந்துவிடுவதில்லை, வேலையும் வீடும் சேர்ந்ததே சிகிச்சை என்பது அவருடைய நிலைப்பாடு. ஓய்வுக்குப் பின் 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். 2021இல் மறையும்வரை அந்தப் பணியோடு இருந்தார்.

ஆனால் மருத்துவத் துறைக்குள்ளேயே களங்கம் உண்டு என்பதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. மனநோயாளி நெஞ்சு வலி என்று சொன்னால் "அது மனசுதான்" என்று அனுப்பிவிடுவது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்காமல் விடுவது ஆகியவை எங்கும் நடக்கின்றன. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டு முன்னதாகவே இறக்கிறார்கள் என்பது உலக அளவில் கண்டறியப்பட்ட உண்மை. தற்கொலையும் அதில் ஒரு காரணம்தான் என்றாலும் பெரும்பகுதி இதய நோய் போன்ற உடல் நோய்களால். இன்னொன்று, மருந்தின் பக்கவிளைவுகள். கை நடுக்கம், எச்சில் வடிதல், உடல் பருத்தல், முகம் உணர்ச்சியற்றுப் போதல் இவற்றைப் பார்த்துத்தான் தெருவில் "அவன் ஒரு மாதிரி" என்கிறார்கள். அதாவது ஊர் காணும் அடையாளங்களில் பல நோயினுடையவை அல்ல, மருந்தினுடையவை. மருந்தின் அளவைச் சரிசெய்யவும் மாற்று மருந்து தரவும் நேரம் எடுத்துக்கொள்கிற மருத்துவர், களங்கத்தைக் குறைக்கும் வேலையையும் சேர்த்தே செய்கிறார். இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அடுத்தவரைக் கூப்பிட வேண்டிய புறநோயாளி வரிசையில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

திரைப்படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'சிகப்பு ரோஜாக்கள்' முதல் 'அந்நியன்' வரை மனநோய் என்றால் கொலை; நகைச்சுவைக் காட்சிகளில் மனநோயாளி என்றால் தலையில் பூ வைத்துக்கொண்டு சிரிக்கிறவர். உண்மையில் கடுமையான மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்புதான் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம், அதிலும் தெருவில் அலைகிற பெண்களுக்கு. 'ஷாக்' கொடுப்பதைத் தண்டனையாகக் காட்டும் காட்சிகளால், மயக்க மருந்தோடு பாதுகாப்பாகக் கொடுக்கப்படும் மின்னதிர்வுச் சிகிச்சைக்குக் கையெழுத்திட மறுத்துத் தற்கொலை விளிம்பில் இருக்கும் நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப்போன குடும்பங்கள் உண்டு. இதற்கு இயக்குநர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

எது குறைக்கிறது

மனநோயும் மற்ற நோயைப் போல ஒரு மூளை நோய்தான், மூளையின் வேதிப்பொருள் மாற்றம்தான் என்று சொல்லிக்கொடுத்தால் களங்கம் போய்விடும் என்று பல நாடுகள் நம்பின. அமெரிக்காவில் பெர்னீஸ் பெஸ்கோசோலிடோவும் குழுவினரும் 1996இலும் 2006இலும் பொதுமக்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டு, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். மூளை நோய் என்று ஏற்றுக்கொண்டவர்கள் பத்தாண்டில் கணிசமாகக் கூடியிருந்தார்கள். சிகிச்சை எடுக்கலாம் என்பவர்களும் கூடியிருந்தார்கள். ஆனால் அப்படிப்பட்டவரோடு சேர்ந்து வேலை செய்வீர்களா, உங்கள் குடும்பத்தில் மணமுடிப்பீர்களா என்ற கேள்விகளில் முன்னேற்றமே இல்லை. நம் ஊர்க் கல்யாணத் தரகருக்கு இந்த முடிவு வியப்பளிக்காது. 'மூளை நோய்' என்றால் பரம்பரையாக வரும், தீராது என்றுதான் பெண் வீட்டார் புரிந்துகொள்வார்கள்.

பலன் தருவதாகத் திரும்பத் திரும்ப நிறுவப்பட்டது நேரடிப் பழக்கம். மனநோயோடு வாழ்ந்து தேறியவர் ஒருவரை நேரில் சந்திப்பது, அவரோடு பேசுவது, கூடவே வேலை செய்வது. பாட்ரிக் கோரிகன் குழு 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வயது வந்தோரிடம் நேரடிப் பழக்கமும் வளரிளம் பருவத்தினரிடம் கல்வியும் கூடுதல் பலன் தந்திருந்தன. 2022இல் லான்செட் இதழ் அமைத்த களங்க ஒழிப்பு ஆணையமும் நேரடிப் பழக்கத்தையே முன்னிறுத்தியது. நோயை அனுபவித்தவர்களே இந்த முயற்சிகளுக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்றது. மேடையில் ஒரு நாள் பேசிவிட்டுப் போகிற பிரபலம் இதற்கு உதவமாட்டார். அதே தெருவில், அதே அலுவலகத்தில், நாள்தோறும் பார்க்கிற, சமமான இடத்தில் இருக்கிற ஒருவர் வேண்டும்.

இங்கேதான் சிக்கல். தேறியவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள்; ஆனால் அவர்கள்தான் மறைந்திருக்கிறார்கள். நன்றாகத் தேறியவர்களுக்கு இழப்பதற்கு நிறைய இருக்கிறது என்பதால் அவர்கள் வாயே திறப்பதில்லை. தேறாதவர்கள் மட்டும் தெருவில் கண்ணில் படுகிறார்கள். அதனால் மனநோய் தீரவே தீராது என்ற எண்ணம் நாள்தோறும் உறுதிப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தச் சுழலை அறிவுரையால் உடைக்க முடியாது. வெளியே வருகிறவருக்கு நட்டம் ஏற்படாதபடி செய்துதான் உடைக்க முடியும்.

சட்டத்தில் அதற்கான கதவுகள் சில திறந்திருக்கின்றன. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, யாரையும் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க உரிமை தருகிறது. காப்பீட்டில் உடல்நோய்க்கும் மனநோய்க்கும் வேற்றுமை கூடாது என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும் என்று சொன்னதும் இந்தச் சட்டம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவைக் கைவிட்டுவிட்டது. காவல் நிலைய வழக்குக்குப் பயந்து, விஷம் குடித்ததை "தவறிப்போய்க் குடிச்சுட்டா" என்று மருத்துவமனையில் சொன்ன தலைமுறைகளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இன்னும் நாம் ஊருக்குள் சொல்லவே இல்லை. 2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே வாக்குச்சாவடி அமைத்து உள்நோயாளிகள் வாக்களித்தார்கள். அந்த மதிலுக்குள் குடிமக்கள் இருக்கிறார்கள் என்பதை ஊர் அன்று பார்த்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மனநோயையும் ஊனமாக ஏற்று அரசு வேலை ஒதுக்கீட்டில் பங்கு தருகிறது. ஆனால் ஒதுக்கீடு பெறச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழ் பெற்றால் வெளியே தெரிந்துவிடும். உதவியை வாங்குவதற்கே களங்கத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சான்றிதழ் விவரத்தை வேலையிடத்தில் யார் யார் பார்க்கலாம் என்று கண்டிப்பான வரையறை வந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

சிகிச்சை வீட்டுக்கு அருகே வருவதும் களங்கத்தைக் குறைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். எல்லா நோய்க்கும் போகிற அதே மருத்துவமனையில், அதே வரிசையில் மனநோய்க்கும் மருந்து கிடைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இலங்கையில் 2004 சுனாமிக்கு முன்பு மனநலச் சேவை பெரும்பாலும் தலைநகரைச் சுற்றிய பெரிய மருத்துவமனைகளில் அடைந்துகிடந்தது. பேரழிவுக்குப் பின் அதை மாவட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். முன்பு 10 மாவட்டங்களில் மட்டும் இருந்த மனநலச் சேவைக் கட்டமைப்பு, சில ஆண்டுகளில் 27 சுகாதார மாவட்டங்களில் 20க்குப் பரவியது. போரால் சிதைந்த வடக்கில் தயா சோமசுந்தரம் போன்ற மருத்துவர்கள், துயரம் ஒருவருடைய குறை அல்ல, ஒரு சமூகத்துக்கே நேர்ந்த காயம் என்று தமிழிலேயே எழுதியும் பேசியும் வந்தது தனியாகக் குறிப்பிட வேண்டிய பணி. நம்மிடம் மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால் வீட்டில் இருந்தபடியே தமிழில் பேசலாம். யாருக்கும் தெரியாமல் முதல் அடியை எடுத்துவைக்க இது நல்ல வழி. ஆனால் முதல் அடிக்குப் பிறகு மாதாமாதம் மருந்து வாங்க வேண்டும். அந்த மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தீர்ந்துபோகாமல் இருக்க வேண்டும்.

உறவினர்களாக நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஒருவருக்குக் கால் முறிந்தால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறோம். மனநோய் வார்டுக்கு யாரும் அப்படிப் போவதில்லை. போக வேண்டும். "இப்ப எப்படி இருக்கீங்க, ராத்திரி தூக்கம் வருதா" என்று அவரிடமே கேட்க வேண்டும். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய அம்மாவிடம் "இவனுக்கு இப்ப எப்படி இருக்கு" என்று கேட்கக் கூடாது. வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்கும்போது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

நம்பிக்கை தரும் முயற்சி ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு, தெருவில் அலைந்த பெண்களுக்கு அடைக்கலம் தந்து, தேறியவர்களை அவரவர் குடும்பத்தோடு சேர்த்துவைத்து வந்தது. போவதற்கு வீடே இல்லாதவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில் ஒரு விடை கண்டார்கள். சாதாரணத் தெருக்களிலும் கிராமங்களிலும் வீடு வாடகைக்கு எடுத்து, நான்கைந்து பேர் ஒரு குடும்பம் போல வாழ்கிறார்கள்; உதவிக்கு ஒரு பணியாளர் உடன் இருக்கிறார். கடைக்குப் போகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், சண்டை போட்டுச் சமாதானமாகிறார்கள். ஆய்வுகள் சொல்கிற நேரடிப் பழக்கம் என்பது நடைமுறையில் இதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு எந்தத் துண்டறிக்கையும் கொடுக்க வேண்டியதில்லை. மாவு அரைக்கிற இடத்தில் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்.

இதை ஒரு தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டமே, மருத்துவமனையில் இருக்கத் தேவையில்லாதவர்களுக்குச் சமூகத்தில் வாழும் வீடுகளை அரசு ஏற்படுத்த வேண்டும் என்கிறது. களங்கத்தைக் குறைக்கத் திட்டம் வகுத்து நிதி ஒதுக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. அந்த நிதியைப் பேரணிக்கும் பதாகைக்கும் செலவிடாமல், தேறியவர்களுக்கு ஊதியம் கொடுத்து வேலைக்கு எடுக்கலாம். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும், புதிதாக வருகிற குடும்பத்தோடு உட்கார்ந்து பேச, நோயைத் தாண்டிவந்த ஒருவரும், பராமரித்துவந்த தாயோ மனைவியோ ஒருவரும் நிரந்தரப் பணியில் இருக்கட்டும். மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, அடையாள அட்டை எல்லாவற்றோடும்.